சின்னப் படகில் ஏ.ஐ.எஸ். ரிசீவர்: ஒரு டாங்கிளும் ஒரு முழக் கம்பியும்

டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு யு.எஸ்.பி. டாங்கிள். அதன் வாலில் ஒரு முழ நீளத்துக்கு ஆன்டெனா கம்பி. இவற்றை ஒரு பழைய லேப்டாப்பில் செருகினால், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வரும் கப்பலின் பெயர், வேகம், போகும் திசை, போய்ச் சேர வேண்டிய துறைமுகம் எல்லாம் திரையில் வந்து விழும். இன்டர்நெட் இணைப்பு தேவையில்லை. மாதச் சந்தா கிடையாது. கப்பல்கள் தாங்களாகவே இந்தத் தகவல்களை ரேடியோவில் ஒலிபரப்பிக் கொண்டே இருக்கின்றன. நாம் காது கொடுத்தால் போதும். இந்த முறைக்குத்தான் ஏ.ஐ.எஸ். என்று பெயர். ஆட்டோமேடிக் ஐடென்டிபிகேஷன் சிஸ்டம் என்பதன் சுருக்கம் இது.

நான் இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்ப்டனில், சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு மெரினாவில் சுண்டல் சாப்பிட்ட அளவுதான். ஆனால் இன்ஜினியரிங்கில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவன் என்று தெரிந்ததும், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் தன் 24 அடி பாய்மரப் படகுக்கு என்னை அழைத்துப் போய்விட்டார். படகில் இருந்தவை ஒரு பழைய ஜி.பி.எஸ். பிளாட்டர், ஒரு வி.எச்.எப். ரேடியோ, ஒரு 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். கடையில் ஏ.ஐ.எஸ். கருவிக்குச் சொன்ன விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டு சனி, ஞாயிறுகளில் செய்து முடித்தோம். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படகு இல்லாதவர்களும் படிக்கலாம். இதில் பாதியை வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்க முடியும்.

டைம் கீப்பர் இல்லாத பஸ் ஸ்டாண்ட்

சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களும், அளவு எதுவானாலும் பயணிகள் கப்பல்களும் ஏ.ஐ.எஸ். கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 2002-ல் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் 15 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மீன்பிடிப் படகுகளுக்கும் 2014 முதல் இது கட்டாயம். பெரிய கப்பல்களில் இருப்பது 'கிளாஸ் ஏ' வகை. இதன் சக்தி 12.5 வாட். சின்னப் படகுகள் விருப்பப்பட்டால் 'கிளாஸ் பி' வைத்துக் கொள்ளலாம். அதன் சக்தி 2 வாட் அல்லது 5 வாட்.

இவை அனைத்தும் இரண்டே இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. ஒன்று 161.975 மெகாஹெர்ட்ஸ், மற்றது 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாக வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டாக எடுத்துக் கொள்கிறார்கள். ஒரு துண்டு 26.67 மில்லி செகண்ட். யார் எந்தத் துண்டை எடுப்பது என்று சொல்வதற்கு நடுவில் யாரும் இல்லை. டைம் கீப்பர் இல்லாத பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களே 'அடுத்த வண்டி என்னுடையது' என்று சொல்லி வைத்துக் கொள்வது போல, ஒவ்வொரு கப்பலும் தன் அடுத்த துண்டை முன்கூட்டியே அறிவித்து விடுகிறது. எல்லோருடைய கடிகாரமும் ஜி.பி.எஸ். நேரத்தில் ஓடுவதால் குழப்பம் வருவதில்லை.

ஓடிக் கொண்டிருக்கும் கிளாஸ் ஏ கப்பல் வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 செகண்டுக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தைச் சொல்லும். திரும்பும்போது இன்னும் அடிக்கடி சொல்லும். நங்கூரம் போட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. கப்பலின் பெயர், நீளம், போகும் துறைமுகம் போன்றவை 6 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். அதனால் முதலில் திரையில் ஒரு 9 இலக்க எண் மட்டும் தெரியும். பெயர் பிறகு வந்து ஒட்டிக் கொள்ளும். பழுது என்று நினைத்து டாங்கிளைப் பிடுங்கி விடாதீர்கள்.

புரோகிராம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு சின்னத் தீனி. இருப்பிடத்தைச் சொல்லும் செய்தி மொத்தமே 168 பிட். அதில் கப்பலின் எண்ணுக்கு 30 பிட், தீர்க்கரேகைக்கு 28, அட்சரேகைக்கு 27. ஒரு நிமிடக் கோணத்தைப் பத்தாயிரமாகப் பிரித்து அந்த எண்ணை அனுப்புகிறார்கள். தூரக் கணக்கில் அது 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஜி.பி.எஸ். அவ்வளவு துல்லியம் தராது என்பது வேறு விஷயம். ரிசீவர் இந்தப் பிட்டுகளை ஆறு ஆறாகக் கட்டி, 28 எழுத்துகளாக்கி, ஒரு டெக்ஸ்ட் வரியாகக் கம்ப்யூட்டருக்குத் தருகிறது. இதை நீங்களே டிகோட் செய்யும் புரோகிராமை ஒரு மாலைப் பொழுதில் எழுதி விடலாம். கல்லூரி மாணவர்களுக்கு அருமையான மினி புராஜெக்ட்.

எதற்காக இந்தப் பாடு?

2006 ஆகஸ்டு 20-ம் தேதி இரவு, இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஐல் ஆப் வைட் தீவின் தெற்கே, 'ஊஸோ' என்ற பாய்மரப் படகு மூன்று பேருடன் போய்க் கொண்டிருந்தது. நண்பரின் படகை விடச் சற்றே பெரியது, சுமார் 25 அடி. மூவரும் உயிரோடு திரும்பவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2007-ல் அறிக்கை தந்தது. பெரிய பயணிகள் கப்பல் ஒன்று மோதியதாலோ, மிக நெருக்கத்தில் கடந்தபோது எழுந்த அலையாலோ படகு மூழ்கியது என்பது அதன் முடிவு. கப்பலின் ரேடாரில் படகு தெரியவே இல்லை.

பைபர் கிளாஸ் படகு ரேடாருக்குக் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. அலை பட்டுத் திரும்புவது மிகக் குறைவு. ஆக, பெரிய கப்பல் நம்மைப் பார்த்து விலகிக் கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. நாம்தான் அதைப் பார்த்தாக வேண்டும். சின்னப் படகில் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பவரின் கண், தண்ணீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். மூடுபனி வந்தால் எதுவும் தெரியாது. இரவில் தெரிவது விளக்குகள் மட்டுமே. அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன, எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்று கண்ணால் அளப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். நாம் 5 நாட் வேகத்தில் போகிறோம், எதிரே ஒரு கப்பல் 20 நாட் வேகத்தில் வருகிறது, இடையில் 6 கடல் மைல் தூரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நேருக்கு நேர் வந்தால் சந்திக்கப் பதினான்கு நிமிடம். பாயை மாற்றிக் கட்டித் திசை திருப்ப அதுவே போதும். ஆனால் அந்தப் பதினான்கு நிமிடத்தின் தொடக்கத்திலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கருவி?

முதல் வழி கிளாஸ் பி டிரான்ஸ்பாண்டர். கேட்கவும் செய்யும், நம் இருப்பிடத்தைச் சொல்லவும் செய்யும். இங்கே 400 பவுண்டுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. இரண்டாவது, கேட்பதற்கு மட்டுமேயான தனி ரிசீவர். இதில் 'டெய்சி' என்ற சிறிய கருவி பிரபலம். ஒரு வாட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் ஓடும். இதன் விலை குறைந்த மாடல் இரண்டு அலைவரிசைகளையும் மாறி மாறிக் கேட்பதால் பாதிச் செய்திகளைத் தவற விடும். கப்பல்கள் அடிக்கடி பேசுவதால் இது பெரிய குறையல்ல. மூன்றாவது வழிதான் நாங்கள் எடுத்தது: ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். எனப்படும் டாங்கிள்.

இது பிறந்த கதை சுவையானது. ஆர்.டி.எல்.2832யு என்ற சிப், கம்ப்யூட்டரில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகத் தயாரானது. எப்.எம். ரேடியோ கேட்கும் வசதிக்காக, சிக்னலை அப்படியே எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஒரு வழி அதற்குள் இருந்தது. 2012-ல் லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் மலிவு விலை டிவி டாங்கிள், எதையும் கேட்கக் கூடிய ரேடியோவாகி விட்டது. ஹார்ட்வேர் செய்ய வேண்டிய வேலையைச் சாப்ட்வேர் செய்வதால் இதற்குச் சாப்ட்வேர் டிபைன்டு ரேடியோ என்று பெயர். நல்ல டாங்கிள் சுமார் 30 முதல் 40 பவுண்டு. நம் பணத்தில் ஏறக்குறைய நான்காயிரம் ரூபாய். இதைவிட மலிவானவையும் உண்டு, ஆனால் வாங்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

'மொபைலில் கப்பல் காட்டும் ஆப் இருக்கிறதே, அது போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அந்த ஆப்கள் காட்டுவது, கரையில் யாரோ வைத்திருக்கும் ரிசீவர் பிடித்து, இன்டர்நெட்டில் ஏற்றி, சர்வர் வழியாக வரும் தகவல். சில நிமிடம் பழையதாக இருக்கலாம். 20 நாட் கப்பல் 3 நிமிடத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் நகர்ந்து விடும். கரையை விட்டுச் சற்று விலகினால் மொபைல் சிக்னலும் போய் விடும். வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அருமையான ஆப். படகில் அதை நம்பக் கூடாது.

ஆன்டெனாவில் கஞ்சத்தனம் வேண்டாம்

மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான், பலன் தந்ததும் இதுதான். வி.எச்.எப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. அதனால் ஆன்டெனாவின் உயரம் முக்கியம். ஒரு சுலபமான கணக்கு: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்குங்கள். கப்பலுக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள். கிடைப்பது கடல் மைல். பாய்மர உச்சி 10 மீட்டர் என்றால் 7. கப்பலின் ஆன்டெனா 30 மீட்டர் என்றால் 12. ஆக 19 கடல் மைல்.

இப்போது ஆன்டெனாவைப் பாய்மரத்தின் உச்சியில் வைக்காமல், படகின் பின்பக்கக் கம்பி வேலியில் இரண்டரை மீட்டர் உயரத்தில் வைத்தால்? மூன்றரையும் பன்னிரண்டும் சேர்ந்து 15 மைலுக்கு மேல் வருகிறது. உயரத்தில் முக்கால் பங்கை இழந்தும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று. பெரிய கப்பல் தன் உயரத்தால் நமக்கு உதவி செய்து விடுகிறது. கேபிள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பாய்மர உச்சியிலிருந்து கேபின் வரை 15 மீட்டராவது கேபிள் ஓட வேண்டும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளில் இந்த நீளத்துக்குச் சிக்னலில் ஏறத்தாழ பாதி வீணாகி விடும். பின்பக்க வேலியிலிருந்து என்றால் 4 மீட்டர் போதும். மேலே ஏறும் வேலையும் மிச்சம். அதனால் பின்பக்க வேலிதான் என் கட்சி. இன்னொரு லாபமும் உண்டு. புயலில் பாய்மரம் முறிந்தால் அதன் உச்சியில் இருக்கும் ரேடியோ ஆன்டெனாவும் போய் விடும். அப்போது இந்த இரண்டாவது ஆன்டெனாவை ரேடியோவில் மாட்டி உதவி கேட்கலாம். அதற்காகவே பொருந்தும் கனெக்டர் ஒன்றைப் படகில் வைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே இருக்கும் வி.எச்.எப். ஆன்டெனாவையே பங்கு போட்டுக் கொள்ளலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதற்கென்றே விற்கும் ஏ.ஐ.எஸ். ஸ்பிளிட்டர் வேண்டும். அதன் விலை ரிசீவரை விட அதிகம். வீட்டில் கேபிள் டிவிக்குப் போடும் இரண்டு ரூட் ஸ்பிளிட்டரை மட்டும் படகில் போட்டு விடாதீர்கள். வி.எச்.எப். ரேடியோவில் பேசும் பட்டனை அழுத்தினால் 25 வாட் வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதி டாங்கிளுக்குள் புகுந்தாலே அது எரிந்து போகும்.

ஆன்டெனாவின் நீளம் எவ்வளவு? 162 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.85 மீட்டர். அதில் கால் பங்கு 46 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். கம்பியில் அலை சற்று மெதுவாகப் போவதால் 44 சென்டிமீட்டருக்கு வெட்ட வேண்டும். டாங்கிளோடு வரும் நீட்டி மடக்கும் ஆன்டெனாவில் இரண்டு கம்பிகள் இருந்தால், இரண்டையும் ஸ்கேல் வைத்து 44 சென்டிமீட்டருக்கு இழுத்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகச் செங்குத்தாக நிறுத்துங்கள். சோதனைக்கு இதுவே போதும். படகில் நிரந்தரமாக வைக்க, உப்புக் காற்றைத் தாங்கும் கடல் ஆன்டெனாவையே வாங்கி விட்டோம். கனெக்டர்களின் மேல் தண்ணீர் புகாத டேப் சுற்றுவது அவசியம். உப்புத் தண்ணீர் கேபிளுக்குள் ஏறினால் செம்பு பச்சையாகி விடும். பிறகு சாப்ட்வேரைத் திட்டிப் பயனில்லை.

மின்சாரக் கணக்கு

சின்னப் படகில் மின்சாரம் சட்டியில் உள்ள தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். நண்பரின் பேட்டரி 70 ஆம்பியர் ஹவர். லெட் ஆசிட் பேட்டரி என்பதால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறைந்து விடும். ஆகவே கையில் இருப்பது 35. லேப்டாப்பை இதில் ஓட்டினால் 30 வாட், அதாவது 2.5 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 25 போய் விடும். இரவில் எரிய வேண்டிய விளக்குகளுக்கு என்ன செய்வது? அதனால் ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சீட்டுக்கட்டை விடச் சின்ன கம்ப்யூட்டரை வைத்தோம். டாங்கிளையும் சேர்த்து 4 வாட் அளவில் முடிந்து விடுகிறது. பத்து மணி நேரத்துக்கு மூன்றரை ஆம்பியர் ஹவர் கூட ஆகாது. திரைக்கு மொபைல் அல்லது டேப்லெட் போதும்.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்ற, காரில் செருகும் மலிவு மொபைல் சார்ஜரைப் போடாதீர்கள். அவற்றில் பல, ரேடியோ அலைவரிசைகளில் இரைச்சலைக் கொட்டும். உங்கள் சார்ஜர் எப்படி என்று கண்டுபிடிக்க எளிய வழி: முதலில் பவர் பேங்கில் ஓட்டி, நிமிடத்துக்கு எத்தனை செய்தி வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு சார்ஜருக்கு மாற்றி எண்ணுங்கள். எங்கள் சோதனையில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. கேபினில் உள்ள எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு இதே போலச் சோதிப்பது நல்லது. சில மலிவு பல்புகளும் இதே வேலையைச் செய்யும்.

சாப்ட்வேர்

இரண்டு இலவசப் புரோகிராம்கள் வேண்டும். டாங்கிளைக் கேட்டுச் செய்தியைப் பிரித்தெடுக்க 'ஏ.ஐ.எஸ். கேட்சர்'. கப்பல்களை வரைபடத்தில் காட்ட 'ஓபன் சி.பி.என்.' இரண்டும் விண்டோஸ், லினக்ஸ், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் இயங்கும்.

விண்டோஸில் டாங்கிளைச் செருகியதும் அது டிவி டிரைவரை இன்ஸ்டால் செய்து கொள்ளும். அது நமக்கு வேண்டாம். 'ஜாடிக்' என்ற சிறிய புரோகிராமை இயக்கி, பட்டியலில் டாங்கிளைத் தேர்ந்தெடுத்து, 'வின் யு.எஸ்.பி.' டிரைவராக மாற்றுங்கள். பட்டியலில் மவுஸ், கீபோர்டு எல்லாம் கூடத் தெரியும். தவறான வரியைத் தேர்ந்தெடுத்தால் மவுஸ் செத்து விடும், கவனம். அடுத்து ஏ.ஐ.எஸ். கேட்சரைக் கமாண்ட் விண்டோவில் இயக்கி, செய்திகளை யு.டி.பி. மூலம் 127.0.0.1 என்ற முகவரிக்கு, 10110 என்ற போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் போர்ட் எண் கடல் கருவிகளின் தகவலுக்கென்றே பதிவு செய்யப்பட்டது. பிறகு ஓபன் சி.பி.என்.-ல் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ் சென்று, நெட்வொர்க், யு.டி.பி. என்று தேர்ந்தெடுத்து, அதே போர்ட் எண்ணைக் கொடுத்தால் முக்கோணங்கள் முளைக்கத் தொடங்கும். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு கப்பல்.

ஒன்றும் முளைக்கவில்லையா? மலிவு டாங்கிளை வாங்க வேண்டாம் என்றேனே, இதற்காகத்தான். உள்ளே இருக்கும் கிரிஸ்டல் துல்லியமாக இல்லாவிட்டால் டாங்கிள் தவறான இடத்தில் கேட்டுக் கொண்டிருக்கும். பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவு பிழை சாதாரணமாகத் தோன்றும். ஆனால் 162 மெகாஹெர்ட்ஸில் அது 8 கிலோஹெர்ட்ஸ். ஒரு ஏ.ஐ.எஸ். சானலின் அகலமே 25 கிலோஹெர்ட்ஸ்தான். சூடேறச் சூடேறப் பிழையும் மாறும். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரி செய்து கொள்ளும் டி.சி.எக்ஸ்.ஓ. கிரிஸ்டல் உள்ள டாங்கிளை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஓபன் சி.பி.என்.-க்கு நம் இருப்பிடமும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கப்பல்களைக் காட்டும், ஆனால் அவை நம்மை எவ்வளவு நெருங்கும் என்று கணக்கிடாது. இதற்கு ஒரு யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். வாங்கிச் செருகி விடுங்கள். படகில் இருக்கும் பழைய பிளாட்டரிலேயே கப்பல்களைக் காட்டலாமா என்றால், அதற்கு ஏ.ஐ.எஸ். வசதி இருந்தால் காட்டலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடல் கருவிகள் பேசும் என்.எம்.இ.ஏ. 0183 முறையில் வழக்கமான வேகம் 4,800 பாட். ஏ.ஐ.எஸ். தகவலுக்கு 38,400 பாட் வேண்டும். பல பழைய பிளாட்டர்களில் ஒரே போர்ட்தான் இருக்கும். அதை 38,400-க்கு மாற்றினால், அதே போர்ட்டிலிருந்து இருப்பிடத்தை 4,800-ல் வாங்கிக் கொண்டிருந்த வி.எச்.எப். ரேடியோ ஊமையாகி விடும். அந்த ரேடியோவின் சிவப்பு அபாயப் பட்டனை அழுத்தினால் போகும் செய்தியில் இருப்பிடம் இருக்காது. ஒரு பாதுகாப்பைக் கூட்டப் போய் இன்னொன்றைக் கழற்றி விடக் கூடாது. பிளாட்டரை அப்படியே விட்டு விட்டு, ஏ.ஐ.எஸ்.-ஐத் தனியாக டேப்லெட்டில் காட்டியது இதனால்தான்.

இரண்டு எண்கள்

வரைபடத்தில் முக்கோணங்கள் ஓடுவது பார்க்க அழகு. உண்மையில் வேண்டியது இரண்டே எண்கள். ஒன்று சி.பி.ஏ., அதாவது இருவரும் இதே வேகத்தில் இதே திசையில் போனால் எவ்வளவு நெருக்கத்தில் கடப்போம் என்பது. மற்றது டி.சி.பி.ஏ., அதற்கு இன்னும் எத்தனை நிமிடம் என்பது. இவை இரண்டும் நாம் வைத்த அளவுக்குக் கீழே போனால் முக்கோணம் சிவப்பாகி அலாரம் அடிக்கும்.

இந்த அளவுகளில்தான் பலர் சலித்துப் போய் அலாரத்தையே அணைத்து விடுகிறார்கள். இங்குள்ள சொலன்ட் என்ற குறுகிய கடற்பகுதியில் கோடை ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ பாய்மரப் படகுகள் திரியும். 2 மைல், 30 நிமிடம் என்று வைத்தால் கோயில் மணி மாதிரி அடித்துக் கொண்டே இருக்கும். இங்கே கால் மைல், 8 நிமிடம் வைத்திருக்கிறோம். திறந்த கடலில் இரவு என்றால் ஒரு மைல், 20 நிமிடம். நங்கூரம் போட்ட கப்பல்களை மறைக்கவும், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ளவற்றுக்கு அலாரம் வேண்டாம் என்று சொல்லவும் ஆப்ஷன்ஸில் தனித் தனிக் கட்டங்கள் உள்ளன. இரண்டையும் டிக் செய்யுங்கள்.

சி.பி.ஏ. ஒரு நேர்கோட்டுக் கணக்கு என்பதை மறக்கவே கூடாது. சவுத்தாம்ப்டனுக்குக் கிழக்கிலிருந்து வரும் பெரிய கன்டெய்னர் கப்பல், கவுஸ் ஊர் அருகே வெஸ்ட் பிராம்பிள் மிதவையைச் சுற்றி வலப்பக்கம் வளையும். தார்ன் சானல் வழியாகப் போய், கால்ஷாட் முனையில் இடப்பக்கம் கூர்மையாக மறுபடி வளையும். நடுவில் பிராம்பிள் பேங்க் என்ற மணல் திட்டு இருப்பதால் இந்தச் சுற்று. கப்பல் திரும்பத் தொடங்கும் முன் திரையைப் பார்த்தால், அது நேராக மேற்கே போய் விடும், நமக்கு ஒரு மைல் இடைவெளி இருக்கிறது என்று சாப்ட்வேர் சாதிக்கும். இரண்டு நிமிடம் கழித்து அது நம்மை நோக்கி மூக்கைத் திருப்பியிருக்கும். எந்தப் புரோகிராமுக்கும் மணல் திட்டு தெரியாது. இந்தப் பகுதியில் 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும், இரு பக்கமும் 100 மீட்டரும் சின்னப் படகுகள் நுழையக் கூடாது என்று விதியே இருக்கிறது. கப்பல் நகர நகர இந்தத் தடைப் பகுதியும் அதோடு நகரும். ஆக, அலாரம் அடிக்கிறதா என்று காத்திருக்காமல், வருவது எந்தத் துறைமுகக் கப்பல், அது எங்கே திரும்ப வேண்டியிருக்கும் என்று பார்க்க வேண்டும். ரிசீவரின் உண்மையான உபயோகம் இதில்தான். கப்பல் தீவின் மறைவில் இருக்கும்போதே அதன் பெயரும் நீளமும் திரைக்கு வந்து விடுவதுண்டு.

திரையில் இல்லாதவை நிறைய உண்டு. சின்ன மீன்பிடிப் படகுகள், கருவியை அணைத்து வைத்திருக்கும் கடற்படைக் கப்பல்கள், எங்கள் படகைப் போன்ற மற்றப் படகுகள். கப்பல்கள் சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்காது. போகும் துறைமுகத்தை மாலுமி கையால் டைப் செய்கிறார். போன மாதத் துறைமுகமே இன்னும் இருக்கும். நங்கூரம் எடுத்த பிறகும் 'நங்கூரத்தில்' என்றே காட்டிக் கொண்டு 15 நாட் ஓடும் கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். நிலை என்ன சொன்னாலும் வேகத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ரிசீவர் வைத்தால் நாம் கப்பலைப் பார்க்கிறோமே தவிர, கப்பல் நம்மைப் பார்ப்பதில்லை. ஊஸோவில் இப்படி ஒரு ரிசீவர் இருந்திருந்தால் மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்கூட்டியே ஓர் அலாரம் அடித்திருக்க வாய்ப்புண்டு, அவ்வளவுதான். நண்பரிடம் நான் சொன்னது இது: பகலில் சொலன்டுக்குள் சுற்றுவதற்கு இந்த டாங்கிள் போதும். இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் போக ஆசை இருந்தால், அதற்கு முன் பணம் சேர்த்து கிளாஸ் பி வாங்கி விடுங்கள். அவர் இப்போது சேர்த்துக் கொண்டிருக்கிறார். அன்று இந்த ஆன்டெனாவும் கேபிளும் அப்படியே அதற்குப் பயன்படும். டாங்கிள் என் வீட்டுக்கு வந்து விடும்.

படகு இல்லாதவர்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள்

எண்ணூர், ராயபுரம், தூத்துக்குடி போன்ற துறைமுகப் பக்கங்களில் இருப்பவர்களுக்கு இது அருமையான பொழுதுபோக்கு. ரேடியோ கருவிகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் உண்டு. டாங்கிள் வாங்கும் முன் இன்றைய விதியைப் பார்த்துக் கொள்ளுங்கள். கடல் பக்கம் கட்டடம் மறைக்காத மூலையாகப் பார்த்து, 44 சென்டிமீட்டர் கம்பிகளைச் செங்குத்தாகக் கட்டுங்கள். கேபிளை நீளமாக இழுக்காமல், லேப்டாப்பையே மாடிக்குக் கொண்டு போவது நல்லது. நாலு மாடி உயரம் என்றால் 12 மீட்டர். மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் வரை எட்டும்.

வரும் 9 இலக்க எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் கப்பல் எந்த நாட்டில் பதிவானது என்று சொல்லும். 419 என்றால் இந்தியா. 417 இலங்கை. 563 முதல் 566 வரை சிங்கப்பூர். 351 முதல் 357 வரையும், 370 முதல் 374 வரையும் பனாமா. அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணினால், நம் துறைமுக வாசலில் எந்தெந்த நாட்டுக் கொடி நிற்கிறது என்று ஒரு பட்டியலே போட்டு விடலாம்.